ஒரு கை மிச்சம்

அக்காவுக்குப் பனிக்குடம் உடைந்தபோது மணி காலை ஆறே கால். போன வாரம் கதையை அந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம். இப்போது வாசலில் டாக்ஸி வந்து நின்றுவிட்டது. அம்மா ஒரு காலில் மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் பாக்கி. அந்தத் தேதியைக் குழந்தையிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இத்தனை அமளியிலும் சின்னவள் சாப்பாட்டு மேஜை முன்னால் பிடித்துவைத்த பொம்மை மாதிரி நின்றாள். மேஜையில் இரண்டு கேமரா லென்ஸ்கள் இருந்தன.

"பிள்ளை பெறப் போறவ டாக்ஸில உட்கார்ந்தாச்சு. நீ இங்க கண்ணாடியைப் பார்த்துட்டு நிக்கிறியா?" என்றாள் அம்மா.

"எதை எடுத்துட்டு வர்றதுன்னு தெரியலம்மா."

"ரெண்டையும் தூக்கிப் பையில போடு. உனக்கு உடுத்திக்கப் புடவை எடுக்கவா கூப்பிட்டாங்க?"

அம்மாவின் தீர்ப்புகள் எப்போதும் இப்படித்தான் இருக்கும், மேல்முறையீடு கிடையாது. சின்னவள் இரண்டையும் பையில் போட்டாள். கேமராவில் எதை மாட்டுவது என்ற கேள்வி மட்டும் அவளோடு டாக்ஸியில் ஏறிக்கொண்டது.

சின்னவளுக்குப் படம் எடுப்பதுதான் பிழைப்பு. பத்து வருஷமாக ஒரே ஸ்டுடியோ, ஒரே முதலாளி. அந்த மனிதருக்குப் பாராட்ட வராது. பத்து வருஷத்தில் அவர் சொன்ன அதிகபட்சப் பாராட்டு, "இது பரவாயில்லை." அப்படிப்பட்டவர் முந்தாநாள் இரண்டு லென்ஸ்களை அவள் முன்னால் வைத்து, "இதுல ஒண்ணு உனக்கு. சொந்தமா வச்சுக்க. எதுன்னு நாளன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு" என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் உள்ளே போய்விட்டார். அந்தச் சாயங்காலம் இன்றைக்குத்தான்.

இரண்டுமே அகலக் கோண லென்ஸ்கள். சின்ன அறையின் இரண்டு சுவரையும் ஒரே படத்துக்குள் கொண்டுவந்து விடும். ஆனால் பெரியது ஒரு தடித்த டம்ளர் அளவு. அரைக் கிலோவுக்கு மேல் கனம். சின்னது பிடிக்கிற வெளிச்சத்தைப் போல நாலு மடங்கு வெளிச்சத்தை அது அள்ளிக்கொள்ளும். மங்கலான அறையில்கூடப் படம் பளிங்கு மாதிரி விழும். படம் எடுக்கிறவர்கள் அதை 'ஃபாஸ்ட் லென்ஸ்' என்று மரியாதையோடு சொல்வார்கள். சின்னதுக்கு அந்த மரியாதை கிடையாது. நாலு பிஸ்கட்டை அடுக்கிவைத்த உயரம்தான் இருக்கும். கேமராவில் மாட்டினால் மாட்டியதே தெரியாது.

ஸ்டுடியோவில் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள். பெரியதை எடுத்துக்கொள். சின்னவளின் மனசும் அதையேதான் சொன்னது. நல்ல சாமானைக் கையில் வைத்துக்கொண்டு ஆசைப்படாமல் இருக்க அவள் என்ன துறவியா?

டாக்ஸியில் அக்கா அவள் தொடையில் தட்டிக் கூப்பிட்டாள்.

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அத்தானுக்கும் அப்படியே. அவர்கள் வீட்டில் பேச்செல்லாம் கையால்தான். பள்ளியில் கற்றது பாதி, அக்காளும் தங்கையும் சின்ன வயதில் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டது பாதி. அதில் ஒரு விசேஷம் உண்டு. அந்த நாளில் சின்னவளின் ஒரு கையில் எப்போதும் ஒரு பொம்மை இருக்கும், அதைத் தலைகீழாக நின்றாலும் கீழே வைக்க மாட்டாள். அதனால் அக்கா எல்லா வார்த்தைக்கும் ஒற்றைக் கையால் சொல்ல ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தாள். பிற்பாடு அத்தானும் அதைக் கற்றுக்கொண்டுதான் அக்காவிடம் சம்மதம் வாங்கினார். அக்கா கையால் சொல்வதை வாயால் சொன்னது போலவே இங்கே எழுதிவிடுகிறேன். அவளும் அதைத்தான் விரும்புவாள்.

"அவர் எங்கே?" என்று கேட்டாள் அக்கா.

"பஸ் ஏறிட்டார். ஒன்பது மணி நேரமாகும். வீடியோ கால் போட்டேன், மலைப்பாதையாம், படம் உறைஞ்சு போச்சு. வாயைப் பொளந்தபடி நிக்கிறார்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வலியும் வந்தது. அது போகட்டும் என்று கண்ணை மூடிக் காத்திருந்துவிட்டு, மறுபடி கையை எடுத்தாள்.

"நீ சத்தியம் பண்ணினது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இன்னொரு தடவை சொல்லு."

"உள்ளே யார் என்ன சொன்னாலும் அப்பவே உனக்குச் சொல்லணும். ஒரு வார்த்தைகூட முழுங்கக் கூடாது."

அக்கா இதை இத்தனை அழுத்திக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் குடல்வால் ஆபரேஷனுக்காக அவளை உள்ளே கொண்டுபோனபோது கூட யாரையும் விடவில்லை. எல்லா முகத்திலும் துணி. உதடு தெரிந்தால் அவள் பாதியாவது புரிந்துகொள்வாள். "வெறும் கண்ணை வச்சுக்கிட்டு என்னத்தைப் படிக்கிறது?" என்று பிறகு பல நாள் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அவளிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மயக்க மருந்து முகத்துக்கு வந்தபோது தன்னை மூச்சடைத்துக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக் கையைக் காலை உதறியிருக்கிறாள். அந்தப் பயம் இன்னும் அவளை விட்டுப் போகவில்லை.

அத்தானுக்கும் சின்னவள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். அவர் வெளியூரில் ஓர் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவர். காது கேட்கிறவர்களெல்லாம் பஞ்சை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த இடத்தில் அவர் ஒருவர்தான் நிம்மதியாக வேலை செய்கிறார். "நான் வர முடியாம போனா, முதல் நிமிஷத்தை எனக்குப் பிடிச்சு வை" என்று அவர் கேட்டிருந்தார். இருக்கிறது இரண்டு கை. அதற்கு இரண்டு வாக்கு.

மருத்துவமனையில் தலைமை நர்ஸ் அவர்களை வாசலிலேயே மறித்தார். அளவெடுக்கும் அடிக்குச்சி போல நிமிர்ந்த உடம்பு. குரலும் அதே தினுசு.

"கேமராவா? யார் சொன்னது?"

சின்னவள் போன வாரமே வாங்கிவைத்திருந்த அனுமதிக் கடிதத்தை நீட்டினாள். அவர் அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். பின்னால் திருப்பியும் பார்த்தார்.

"ஃப்ளாஷ் போடக் கூடாது. கட்டிலுக்கும் மானிட்டருக்கும் நடுவுல வரக் கூடாது. தலைமாட்டுல சுவரோரமா நிக்கணும். மாஸ்க்கைக் கழட்டக் கூடாது. கூட ஒருத்தர்தான்."

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. "நான் பெத்தவ" என்றாள்.

"பெத்தவங்க வெளியில உட்காருங்கம்மா. இவங்க போனாத்தான் அவங்ககிட்ட கையால பேச முடியும்னு இதுல எழுதியிருக்கு."

அம்மாவுக்குத் தெரிந்த கைப்பேச்சு நாலே வார்த்தைதான்: வா, போ, சாப்பிடு, தூங்கு. அக்கா குழந்தையாக இருந்தபோது கையால் பேசினால் வாய் திறக்காது என்று யாரோ பெரிய படிப்பாளி சொல்ல, அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்துப் பிடித்து வைத்தாள். தெரிந்து செய்த தப்பில்லை. என்றாலும் முப்பது வருஷத்துக்கு முந்தைய அந்த யோசனை இன்று அவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டது.

அறை ரொம்பச் சின்னது. கட்டில், மானிட்டர், ஒரு தள்ளுவண்டி, குழந்தைக்கான மேஜை. சுவரோரமாக நின்றால் ஓர் அடிகூடப் பின்வாங்க முடியாது. டாக்டர் வந்ததும் முதல் வேலையாக மேல்விளக்கை அணைக்கச் சொன்னார். கால்மாட்டில் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது.

அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் சின்னவளின் குழப்பம் தீர்ந்துபோனது. பெரிய லென்ஸை மாட்டினாள்.

முதல் சில மணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கேமரா கழுத்தில் தொங்கியது. இரண்டு கையும் அக்காவுக்கு. டாக்டர் சொல்வதை இவள் கையால் சொல்வாள், அக்கா கையால் கேட்பதை வாயால் கேட்பாள்.

"மூச்சை இழுத்து மெதுவா விடச் சொல்லுங்க."

"விடறேன். இவங்க எத்தனை பெத்திருக்காங்கன்னு கேளு."

சின்னவள் கேட்டாள். ஒரு வார்த்தைகூட முழுங்கக் கூடாது என்பதுதானே சத்தியம்?

"ஒண்ணுகூட இல்லைன்னு சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"அதானே பார்த்தேன்" என்றது அக்காவின் கை. அதையும் இவள் சொல்லிவிட்டாள். டாக்டர் சிரித்தார். அடிக்குச்சி நர்ஸின் மாஸ்க்கும் லேசாக ஆடியது.

பன்னிரண்டு மணியைத் தாண்டியபோது டாக்டரின் குரல் மாறியது. "தலை தெரியுது. அடுத்த வலிக்கு நல்லாத் தள்ளச் சொல்லுங்க."

சின்னவள் சொன்னாள். சொல்லிவிட்டுக் கேமராவை எடுத்தாள்.

வியூஃபைண்டரில், கேமராவின் கண்துளையில், கண்ணை வைத்தாள். மங்கல் அறை லென்ஸுக்குள் விடியற்காலை போலத் தெரிந்தது. அக்காவின் நெற்றி வியர்வை தனித்தனி மணியாகத் தெரிந்தது. கட்டில் கம்பியைப் பிடித்த விரல், டாக்டரின் குனிந்த தோள், இரண்டு சுவர், எல்லாம் உள்ளே. வலது விரல் பொத்தானில், இடது கை லென்ஸின் அடியில் அந்தக் கனத்தைத் தாங்கிக்கொண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று படங்கள் விழுந்தன. பத்து வருஷம் கற்ற தொழில் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"நிறுத்தச் சொல்லுங்க!" என்றார் டாக்டர். "தள்ள வேண்டாம்!"

சின்னவள் சொன்னாள். தெளிவாக, அழுத்தமாக, "அக்கா, தள்ளாதே!" என்று வாயால் சொன்னாள். கை வேலையாக இருக்கும்போது வீட்டில் அப்படித்தான் சொல்வாள், அக்கா உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். இருபத்தைந்து வருஷப் பழக்கம். வாயின் மேல் மாஸ்க் இருப்பது அவளுக்கு நினைவில்லை.

அக்கா தங்கையின் முகத்தைத் தேடினாள். முகம் இருந்த இடத்தில் ஒரு வட்டக் கண்ணாடிதான் இருந்தது. அவள் தள்ளினாள்.

மானிட்டரின் டக் டக் ஓசை இடறி இடறி மெதுவானது. "தள்ளாதேம்மா! தள்ளாதே!" என்று நர்ஸ் கத்தினார். கத்தினால் கேட்டுவிடும் என்பது போல இன்னும் உரக்கக் கத்தினார்.

"யாராவது அவங்களுக்குச் சொல்லுங்க!" என்றார் டாக்டர். அந்த 'யாராவது' சின்னவளை ஓங்கி அறைந்தது.

அவள் கேமராவை அப்படியே விட்டாள். அது வாரில் தொங்கி விலாவில் மோதியது. இரண்டு கையையும் அக்காவின் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோனாள். நிறுத்து. தள்ளாதே. மூச்சு மட்டும்.

அக்கா நிறுத்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, குட்டி குட்டியாக மூச்சு விட்டுக்கொண்டு, தங்கையின் கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தள்ளும்போதெல்லாம் குழந்தையோட துடிப்பு இறங்குது" என்றார் டாக்டர். "தொப்புள்கொடி எங்கேயோ இறுகுது போல. பக்கவாட்டுல படுக்க வைப்போம். அஞ்சு நிமிஷம் ரெஸ்ட். துடிப்பு மேல வரட்டும். பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க."

சின்னவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டாள். பிறகு அவள் கை மெதுவாக எழுந்தது.

"எங்கே போயிருந்தே?"

"இங்கதான் இருந்தேன்."

"இல்லை. இருந்தா எனக்குத் தெரியும்."

சின்னவளுக்குக் கண் நிறைந்து மாஸ்க் நனைந்தது. அழுகிற நேரமா இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வாரைத் தலை வழியாகக் கழற்றிக் கேமராவைப் பைக்குள் வைக்கப் போனாள். அத்தானிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், அவர் பெரிய மனசுக்காரர்.

அக்கா கட்டில் கம்பியைத் தட்டினாள்.

"அதை ஏன் வைக்கிறே? அவருக்குப் படம் வேணும்."

"உனக்கு நான் வேணும்."

"ரெண்டும் வேணும். என்ன பண்ணுவியோ தெரியாது." இந்த நிலைமையிலும் அக்காவின் கை அதட்டியது.

சின்னவள் பைக்குள் பார்த்தாள். நாலு பிஸ்கட் உயரத்தில் அது அங்கே கிடந்தது, இத்தனை நேரம் யாரும் கூப்பிடாத விருந்தாளி மாதிரி.

பெரிய லென்ஸைத் திருகிக் கழற்றினாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் தடுமாறினாள். அப்போது பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது.

"கொடுங்க இப்படி" என்றார் தலைமை நர்ஸ். "ட்ரேயில வைக்கிறேன். யாரும் தொட மாட்டாங்க." வாங்கியவர், போகாமல் நின்றார். "நிறுத்துன்னு எப்படிச் சொன்னீங்க? கையைக் காட்டுங்க."

சின்னவள் காட்டினாள். நர்ஸ் இரண்டு தடவை செய்து பார்த்தார்.

"தள்ளுன்னா?"

அதையும் காட்டினாள். அதையும் செய்து பார்த்துவிட்டு, அவர் நேராகக் கால்மாட்டுக்குப் போய் நின்றார். அந்த அடிக்குச்சி அம்மாளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தாள் சின்னவள். சொல்லப் போனபோதெல்லாம் அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

சின்ன லென்ஸோடு கேமராவை வலது கையில் தூக்கினாள். இறகு மாதிரி வந்தது. தாங்கிப் பிடிக்க இன்னொரு கை தேவையில்லை. கண்ணிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் முகமும் மறையவில்லை. கேமராவின் பின்திரையில் படம் இருட்டாகத்தான் தெரிந்தது. மணல் தெளித்தாற்போலப் புள்ளி விழும், முதலாளி பார்த்தால் மூக்கைச் சுளிப்பார். சுளிக்கட்டும்.

"துடிப்பு வந்திருச்சு" என்றார் டாக்டர். "இப்ப தள்ளச் சொல்லுங்க."

இந்தத் தடவை இரண்டு கைகள் அதைச் சொன்னன. தலைமாட்டிலிருந்து சின்னவளின் இடது கை. கால்மாட்டிலிருந்து நர்ஸின் கை, கொஞ்சம் மழலையாக. அக்கா தள்ளினாள்.

"தலை வந்துருச்சு. கழுத்துல கொடி ஒரு சுத்து இருக்கு, எடுத்துடறேன். தள்ள வேண்டாம்."

தலை வந்தாச்சு. கொடி இருக்கு. எடுக்கிறாங்க. தள்ளாதே. இடது கை பேசிக்கொண்டே இருந்தது, வலது விரல் அதன்பாட்டுக்கு அழுத்திக்கொண்டே இருந்தது.

"ஆச்சு. கடைசியா ஒண்ணு."

தள்ளு.

குழந்தை வழுக்கிக்கொண்டு வந்து டாக்டரின் கையில் விழுந்தது. நீலம் பாரித்த சின்ன உடம்பு. அசையவில்லை. சத்தமில்லை.

நர்ஸ் துண்டை எடுத்து அதன் முதுகைத் தேய்த்தார். மற்றவர்களெல்லாம் குழந்தையைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் குழந்தையைப் பார்க்கவில்லை. தங்கையின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்வதற்கு அந்தக் கையிடம் ஒன்றும் இல்லை. அது காற்றில் நின்றது. சின்னவள் தெரிந்த தெய்வம் தெரியாத தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டாள்.

பிறகு ஒரு கமறல். ஓர் இருமல். அதற்கப்புறம் வந்த அலறலில் மானிட்டர் ஓசை காணாமல் போனது.

சின்னவளின் கை மூடி, விரல் எல்லாம் தெறிக்க விரிந்தது. மூடி, மறுபடி விரிந்தது. அழுகிறது. அழுகிறது. சத்தமாக, ரொம்பச் சத்தமாக அழுகிறது. அவர்கள் சின்ன வயதில் இடிக்குக் கண்டுபிடித்து, பிறகு எல்லாப் பெரிய சத்தத்துக்கும் வைத்துக்கொண்ட சைகை அது.

அக்காவின் முகம் அப்படியே உடைந்து மலர்ந்தது. தலையணையில் சாய்ந்து அவளும் அழ ஆரம்பித்தாள்.

"பொண்ணு" என்றார் தலைமை நர்ஸ். அடுத்த கணம் யாரையும் கேட்காமல் தன் மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு, அக்காவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, உதடு தெரிய நிறுத்திச் சொன்னார். "பொண்ணும்மா. நல்லா இருக்கா."

வெளியே பெஞ்சில் அம்மா இருந்தாள். சின்னவள் கதவைத் திறந்ததும் எழுந்து நின்றாள்.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கம்மா."

அம்மா மறுபடி உட்கார்ந்துவிட்டாள். "வயித்துல பாலை வார்த்தே" என்று மட்டும் சொன்னாள். கொஞ்சம் கழித்து, "அவ பயந்தாளா?" என்று கேட்டாள்.

"நடுவுல ஒரு தடவை. என்னாலதான்." சின்னவள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

அம்மா கேட்டுவிட்டு அவள் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தவளுக்கு அது ரொம்பவே அதிகமாக இருந்தது.

போன் அடித்தது. முதலாளி.

"என்ன, முடிவு பண்ணியாச்சா?"

"சின்னது முதலாளி."

"என்ன? பேசிட்டு இருக்கறப்போ தூக்கமா உனக்கு? பெரிசோட வெளிச்சம் எங்கே, இது எங்கே?"

"பெரிசு ரொம்ப நல்ல லென்ஸ்தான். ஆனா அது ரெண்டு கையையும் கேக்குது. இதுல எனக்கு ஒரு கை மிச்சமாகுது."

அவருக்கு அக்காவைத் தெரியும்.

"குழந்தை?"

"பொண்ணு. நீங்க கொடுத்ததாலதான் இன்னைக்கு... ரொம்ப நன்றி முதலாளி."

"சரி சரி. பெரிசைத் துடைச்சு எடுத்துட்டு வா. விரல் ரேகை இருந்தா கொன்னுடுவேன்" என்று போனை வைத்துவிட்டார். நன்றியை வாங்கிக்கொள்ளவும் அந்த மனிதருக்கு வராது.

கேமராவிலிருந்து ஒரே ஒரு படத்தைப் போனுக்கு இறக்கி அத்தானுக்கு அனுப்பினாள். கூட நாலு வரி எழுதலாம் என்றால் அவசரத்தில் எழுத்தெல்லாம் தப்புத் தப்பாக வந்தது. அழித்துவிட்டு வெறும் படத்தை மட்டும் தட்டிவிட்டாள். ஒரு டிக்தான் விழுந்தது, படம் போய்ச் சேரவில்லை. பஸ் இன்னும் மலையில்தான் இருந்தது.

மூன்று மணிக்கு அக்காவை வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னலோரக் கட்டில். குழந்தை அக்காவின் மார்பில் முகத்தைப் புதைத்துத் தூங்கியது. அம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தலைமை நர்ஸ் ஒரு தாளோடு வந்தார். இந்தத் தடவை மாஸ்க்கை முதலிலேயே இறக்கியிருந்தார்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு குழந்தைக்குக் காது டெஸ்ட். எல்லாக் குழந்தைக்கும் எடுக்கிறதுதான். இங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

சின்னவள் சொல்லி முடிக்கும் முன்பே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தங்கையிடம் திரும்பினாள்.

"அம்மாகிட்ட ஒண்ணு கேளு. இவளுக்கும் என்னை மாதிரியே இருந்துட்டா, இவ கையையும் பிடிச்சு வைப்பீங்களான்னு கேளு."

ஒரு வார்த்தைகூட முழுங்கக் கூடாது. சின்னவள் அதை அப்படியே அம்மாவிடம் கேட்டாள்.

அம்மா எழுந்து, ஏற்கனவே மடித்து வைத்திருந்த துண்டை உதறி மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். மடித்து முடித்தும் திரும்பவில்லை. அக்காவும் விடவில்லை, பதிலுக்குக் காத்திருந்தாள்.

சின்னவளின் போன் அதிர்ந்தது. அத்தான்.

"குழந்தை அழுவுது! எவ்வளவு சத்தம்! அம்மாடி!" என்று எழுதியிருந்தார்.

சின்னவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் எழுதவே இல்லையே. குழந்தை வாயைத் திறந்திருந்ததை வைத்துச் சொல்கிறாரா? கொட்டாவி விட்டாலும் வாய் திறந்துதானே இருக்கும்?

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று தட்டினாள்.

"உன் கை சொல்லுதே. இடது ஓரத்துல பாரு."

படத்தைத் திறந்தாள். நடுவில் துண்டுக்குள் குழந்தை, குனிந்த நர்ஸ், தலையணையில் அக்காவின் முகம். மணல் தெளித்தாற்போல நிறையப் புள்ளி. விரலால் இழுத்துப் பெரிதாக்கி இடது ஓரத்துக்குப் போனாள். சின்ன அறை, அகலமான லென்ஸ். எடுத்தவளின் கையையும் விட்டுவைக்கவில்லை. கொஞ்சம் கலங்கலாக, ஐந்து விரலும் தெறிக்க விரிந்து அது அங்கே இருந்தது. ஸ்டுடியோவில் இப்படி ஒரு படம் எடுத்தால் தூக்கிக் குப்பையில் போடச் சொல்வார்கள்.

படத்தையும் அத்தானின் செய்தியையும் அக்காவிடம் காட்டினாள். அக்கா பார்த்தாள். விரலால் படத்தில் அந்தக் கையைத் தொட்டாள். தங்கையின் கழுத்தை வளைத்துப் பக்கத்தில் இழுத்து, குழந்தை நசுங்காமல், நெற்றியில் முத்தமிட்டாள். அம்மா துண்டோடு திரும்பி, என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.

போன் இன்னொரு தடவை அதிர்ந்தது.

"பக்கத்து சீட்டுக்காரர்கிட்டயும் படத்தைக் காட்டினேன்" என்று எழுதியிருந்தார் அத்தான். "பாவம், அவருக்குச் சத்தம் கேக்கலை."